பிறந்த வீடும் புகுந்த வீடும்

"பிறந்த வீட்டை அடியோடு மறந்து விடு, தந்தை கட்டிய வீட்டுத் திண்ணையிலே இனி நீ விருந்தாளியாக மட்டுமே உட்காரலாம், அதற்கு ஒப்புக்கொண்டால்தான் இந்த வீட்டு உலையிலே உனக்கும் ஒரு பிடி அரிசி விழும்" என்று மருமகளிடம் கூறுகிற மாமியாரை ஊர் மெச்சுமா? மெச்சாது, காறி உமிழும். ஆனால், அதையே ஒரு நாட்டின் சட்டம் கூறினால், "ஆகா, இதுவல்லவோ நாட்டுப்பற்று!" என்று கைதட்டுவோர் இருக்கத்தான் செய்கின்றனர்.

இரட்டைக் குடியுரிமை பற்றிய வழக்கு, சுருங்கச் சொன்னால், இந்த மாமியார் வழக்குத்தான். ஒருவன் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளின் குடிமகனாக இருக்கலாமா, கூடாதா? இருந்தால் நன்மை என்ன, தீமை என்ன? படித்தவர் மாளிகைகளிலே மட்டும் பேசப்படவேண்டிய பொருள் அல்ல இது. கடல் கடந்து சென்ற தமிழன், கடல் கடந்து வந்த தமிழன் இருவரின் வாழ்வும் இதிலே சிக்கிக் கிடக்கிறது. ஆகவே, நாம் பேசுகிறோம்.

முதலில் நன்மைகளைப் பார்ப்போம். லண்டனிலே உழைக்கிறான் ஒருவன். அங்கே வரி கட்டுகிறான். அங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்க்கிறான். அந்த நாட்டுச் சட்டம் அவனை ஆள்கிறது. அந்தச் சட்டத்தை ஆக்குவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுக்கு வேண்டாமா? வேண்டும். அதே நேரத்தில், அவனைப் பெற்ற தாய் தஞ்சையிலே இருக்கிறாள். பாட்டன் உழுத வயல் அங்கே இருக்கிறது. வயது முதிர்ந்த பின் அந்த மண்ணிலே வந்து கண்மூட அவன் விரும்புகிறான். அந்த ஆசை குற்றமா? குற்றமல்ல. இரு குடியுரிமையும் உடையவன் எந்தத் தூதரகத்தின் வாயிலிலும் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. தாய்க்கு உடல் நலமில்லை என்று சேதி வந்தால் அன்றே புறப்படலாம். சொத்து வாங்கலாம், தொழில் நடத்தலாம், திரும்பியும் வரலாம்.

இதை உணர்ந்த நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைத் திறந்துவிட்டன. பிரிட்டன் நெடுநாளாகவே தடுப்பதில்லை. கனடா 1977-இல் தடையை நீக்கிற்று. பிடிவாதத்திற்குப் பெயர்போன ஜெர்மனியே 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமைக்குப் பொதுவாகவே இடம் தந்துவிட்டது. மலேசியாவும் சிங்கப்பூரும் ஜப்பானும் இன்னும் இணங்கவில்லை. இந்தியாவும் அந்த வரிசையிலேதான் நிற்கிறது.

சரி, எல்லாமே தேன்தானா? இல்லை. தேனீக்குக் கொடுக்கும் உண்டு. இரண்டு வீடு உடையவளுக்கு இரண்டு வீட்டுக் கடமையும் வந்து சேரும். அமெரிக்கக் குடிமகன் உலகின் எந்த மூலையிலே பொருள் ஈட்டினாலும் அமெரிக்க அரசுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமகனாகப் பிறந்த ஆண்பிள்ளை, "எனக்கு வேறு நாட்டுக் குடியுரிமையும் இருக்கிறதே" என்று கூறி இரண்டாண்டுப் படைப்பயிற்சியிலிருந்து நழுவிவிட முடியாது.

இதைவிடக் கூரிய முள் வேறொன்று உண்டு. 1930-இல் ஹேக் நகரிலே வகுக்கப்பட்ட உடன்படிக்கை என்ன கூறுகிறது? இரண்டு நாட்டுக் குடிமகன் ஒருவன், அவற்றுள் ஒரு நாட்டிலே இன்னலுக்கு ஆளானால், மற்ற நாடு அவனுக்காக வழக்காட வர இயலாது என்கிறது. பிரிட்டன் குடியுரிமையோடு இலங்கைக் குடியுரிமையும் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழன் கொழும்பிலே கைது செய்யப்பட்டால், "அவன் எங்கள் குடிமகன், உமக்கென்ன வேலை?" என்று இலங்கை அரசு பிரிட்டனைப் பார்த்துக் கேட்கலாம். அடை மழையிலே விரிக்கலாம் என்று வாங்கிய குடை, அடை மழையிலே மட்டும் விரியாது!

இன்னொன்றும் உண்டு. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுநலன் என்று காரணம் காட்டிக் குடியுரிமையைப் பறிக்கும் அதிகாரத்தை அமைச்சரிடம் தந்திருக்கிறது. ஒருவனை நாடற்றவனாக ஆக்கக்கூடாது என்பது பொதுவிதி. ஆகவே, பறிப்பு பெரும்பாலும் யார்மீது பாயும்? இன்னொரு நாடு உடையவன்மீதுதான். ஒரே குடியுரிமை உடைய வெள்ளைக்காரனுக்கு உள்ள பாதுகாப்பு, இரண்டு உடைய நம்மவனுக்கு இல்லை. ஒன்றை விட இரண்டு குறைவாகும் விந்தையான கணக்கு இது!

ஆட்சிப் பீடத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் அரசியல் சட்டம் 44-ஆவது பிரிவிலே, வேறு நாட்டுக் குடிமகன் நாடாளுமன்றத்தில் அமரக்கூடாது என்கிறது. 2017-இல் அந்நாட்டுத் துணைப் பிரதமர் பர்னபி ஜாய்ஸ், தந்தை வழியிலே தமக்கு நியூசிலாந்துக் குடியுரிமை ஒட்டிக்கொண்டிருந்ததால் பதவியை இழந்தார். அதைத் துறந்துவிட்டு இடைத்தேர்தலிலே நின்று மீண்டும் வந்தார். இலங்கையோ ஊஞ்சலாடிற்று. 2015-இல் 19-ஆவது திருத்தம் இரட்டைக் குடியுரிமையாளர் நாடாளுமன்றம் செல்லத் தடை விதித்தது. 2020-இல் ராஜபக்சே குடும்பத்தின் ஆட்சியிலே 20-ஆவது திருத்தம் அந்தத் தடையைத் தகர்த்தது. எதற்காக என்பது 2021 ஜூலையிலே புரிந்தது. அமெரிக்கக் குடியுரிமையும் உடைய பசில் ராஜபக்சே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்; நிதியமைச்சரும் ஆனார். அடுத்த ஆண்டே அந்நாட்டின் கருவூலம் வறண்டது. மக்கள் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தெருவிலே வரிசையில் நின்றனர். 2022 அக்டோபரிலே 21-ஆவது திருத்தம் வந்து, பழைய தடை மீண்டும் ஏறிற்று.

இதிலே நமது கருத்து தெளிவானது. வாழ்வதற்கு இரண்டு வீடு இருக்கலாம். ஆள்வதற்கு ஒன்றே இருக்க வேண்டும். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நிற்பவர் கையிலே நாட்டின் பெட்டகச் சாவியைத் தரலாகாது. வீடு தீப்பற்றும்போது விமானம் ஏறக்கூடியவரை வீட்டுக்குக் காவல் வைப்பார் உண்டோ? ஆனால், அமைச்சருக்குப் போட வேண்டிய தடையை உழைப்பாளிக்கும் போடுவானேன்? காவற்காரனுக்கு உள்ள விதியைக் குடியிருப்போனுக்கும் நீட்டுவானேன்?

இந்தியா நீட்டத்தான் நீட்டுகிறது. அரசியல் சட்டத்தின் 9-ஆவது பிரிவும், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவும் ஒரே குரலிலே பேசுகின்றன: தானே விரும்பி அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவன், அந்தக் கணமே இந்தியக் குடிமகன் அல்லன். விளைவு? 2022-இல் 2,25,620 பேர். 2023-இல் 2,16,219 பேர். இந்தியக் குடியுரிமையைத் துறந்தோர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்திலே தந்த கணக்கு இது. இவர்கள் அத்தனை பேரும் நாட்டை வெறுத்தவர்களா? இல்லை. ஒன்றுதான் என்று சட்டம் சொன்னதால், சோறு கிடைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டவர்கள்.

"அவர்களுக்குத்தான் வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் என்ற அட்டை தருகிறோமே" என்பர் டில்லியார். 2005 முதல் தருகின்றனர், உண்மை. அதனால் விசாத் தொல்லை தீர்ந்தது, அதுவும் உண்மை. ஆனால், அந்த அட்டை உடையவர் வாக்களிக்க முடியாது. தேர்தலிலே நிற்க முடியாது. விளைநிலம் வாங்க முடியாது. அரசு அட்டையைப் பறிக்கவும் முடியும். பெயரிலே குடிமகன், உரிமையிலே விருந்தாளி! மருமகளைத் 'மகளே' என்று அழைத்துவிட்டு, சமையலறைக்குப் பூட்டுப் போடுவதைப் போன்றது இது.

இதுவரை பேசியது, ஒரு வீடு இருந்து இன்னொரு வீடும் கேட்பவர்களைப் பற்றி. வீடே இல்லாதவர்களைப் பற்றிப் பேச வேண்டாமா?

இலங்கை மலையகத்திலே தேயிலைச் செடிக்குத் தன் குருதியை உரமாக்கிய தமிழனின் குடியுரிமையை, 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டனர். 9,75,000 மக்கள்! அதிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றனர். 1974-இல் பார்த்துக்கொண்டனர், ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். மூட்டையா அவர்கள், எண்ணிப் பிரிக்க? ஆட்டு மந்தையா, பங்கு போட? தாய் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் என்று குடும்பங்கள் பிளந்தன. இரண்டு நாட்டுக்கும் உரியவர்கள் என்று கொண்டாடப்பட வேண்டியவர்கள், இரண்டு நாட்டுக்கும் வேண்டாதவர்கள் ஆயினர். அன்றைக்கு இரட்டைக் குடியுரிமை என்ற எண்ணம் இருநாட்டுத் தலைவர்களுக்கும் இருந்திருந்தால், எத்தனை கண்ணீர் மிச்சமாகி இருக்கும்!

1983-க்குப் பிறகு இனவெறித் தீயிலே தப்பி மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழகக் கரை சேர்ந்தனர். பலர் திரும்பினர், பலர் தங்கினர். 2021 கணக்குப்படி ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் முகாம்களிலும், 34 ஆயிரம் பேர் வெளியிலும் இருந்தனர். அந்த ஆண்டு கழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றிற்று. பெயரை மாநிலம் மாற்ற முடிந்தது. குடியுரிமையை மாநிலம் தர முடியாதே! அது டில்லியின் பெட்டியிலே அல்லவா இருக்கிறது?

அந்த முகாமிலே பிறந்து, நம் பள்ளியிலே படித்து, நம் தெருவிலே விளையாடிய பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணிலே பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். மறுநாள் பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். ஒரு நாள் இரவிலே தமிழ்நாட்டுப் பிள்ளை அயலான் ஆகிறான்! மனுப் போடலாமே என்றால், உரிய தாளின்றி வந்தவரை 'சட்டவிரோதக் குடியேறி' என்று கூறிக் கதவை மூடுகிறது சட்டம். உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு படகேறியவன், விசாவையும் பிடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டுமாம்!

2019-இல் அந்தக் கதவைச் சற்றே திறந்தார்கள். யாருக்கு? பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தோருக்கு. அதிலும் முஸ்லிம்களை நீக்கிவிட்டு. ஈழத்து இந்துவுக்கும் இடமில்லை, ஈழத்துக் கிறித்தவனுக்கும் இடமில்லை. கழகம் எதிர்த்து வாக்களித்தது. மாநிலங்களவையிலே அ.தி.மு.க. ஆதரித்து வாக்களித்தது. அடுத்த மாதமே, 2020 ஜனவரியில், அவர்களுடைய ஆட்சியின் ஆளுநர் உரையிலே, "இலங்கைத் தமிழருக்கு இரட்டைக் குடியுரிமை தர ஒன்றிய அரசை வற்புறுத்துவோம்" என்று படித்தனர். ஒரு கதவையும் அடைக்கத் துணை நின்றுவிட்டு, இரண்டு கதவு கேட்பதாகச் சொன்னால் நாடு நகைக்காதா? கூழுக்கு உப்பு மறுத்தவர் பாயசத்துக்கு முந்திரி தேடினாராம்!

கேட்டவர்களைக் கேலி செய்கிறோமே தவிர, கேட்ட பொருளை அல்ல. இதை நாம் அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். ஈழத்தமிழருக்கு இரட்டைக் குடியுரிமை உண்மையிலேயே ஏற்றது. காரணம் உண்டு. இந்தியக் குடியுரிமை பெறுவதற்காக இலங்கைக் குடியுரிமையை அவர் இழந்தால், அங்கே அவருடைய காணியின் மீதுள்ள பிடி தளரும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழரின் எண்ணிக்கை தேயும். விரட்டியவன் எண்ணியது ஈடேறும். இலங்கைச் சட்டமோ, 1987 முதலே, மனுச் செய்து இரட்டைக் குடியுரிமை பெற இடம் தருகிறது. கனடாத் தமிழன் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. மண்டபம் முகாமிலே இருக்கும் அவன் உடன்பிறந்தானால் முடியவில்லை. ஒரு தாய் வயிற்றிலே பிறந்த இருவரில், டொராண்டோவுக்குப் பறந்தவனுக்கு இரண்டு நாடு. இராமேசுவரத்துக்குப் படகேறியவனுக்கு ஒரு நாடும் இல்லை! தொப்புள்கொடி உறவு என்று மேடைதோறும் முழங்கும் நாட்டிலே இந்த நிலை நீடிக்கலாமா?

2025-இல், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று ஒன்றிய அரசு ஆணையிட்டது. நல்லது, வரவேற்போம். ஆனால், 'உன்னைச் சிறையில் தள்ள மாட்டேன்' என்பது, 'நீ இந்த வீட்டுப் பிள்ளை' என்பதற்கு ஈடாகாது.

ஆகவே, நமது வழி இது. முகாமிலே காத்திருப்போருக்கு முதலில் ஒரு குடியுரிமை வேண்டும். 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரை அழிய வேண்டும். அதைப் பெறுவோர் இலங்கையிலே உள்ள உரிமையை இழக்காதபடி 9-ஆவது பிரிவுகள் தளர்த்தப்பட வேண்டும். கடல் கடந்து உழைக்கும் இந்தியருக்கும் அதே வாயில் திறக்கட்டும். ஆட்சிப் பதவிக்கு வர விரும்புவோர் மட்டும் மற்றொன்றைத் துறந்துவிட்டு வரட்டும்.

பிறந்த வீட்டின்மீது பாசம் கொண்டவள் புகுந்த வீட்டுக்குத் துரோகி ஆவதில்லை. இரண்டு வீட்டுக்கும் விளக்கேற்றத் தெரிந்தவள் அவள். அவளை ஐயுறுவதை விட்டுவிட்டு, எந்த வீட்டிலும் விளக்கில்லாமல் 40 ஆண்டுகளாகத் திண்ணையிலே காத்திருப்பவளை முதலில் உள்ளே அழையுங்கள். டில்லிக்கு நாம் கூற விரும்புவது இதுதான்.