மடலை உடைக்காமல் குப்பையைத் தடுக்க இயலாதா?

பெயர் மறைத்து மின்னஞ்சல் அனுப்ப இடமளித்தால் குப்பை மடல்கள் குவியும். அவற்றைத் தடுக்க வேண்டுமாயின் மடல்களைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். அனுப்புவோர் இன்னார் என்றும் குறித்து வைத்தாகவேண்டும். இப்படியொரு வாதம் நெடுநாளாய் உலவுகிறது. கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். நடந்ததைப் பார்ப்போம்.

பின்லாந்தில் ஜொஹான் ஹெல்சிங்கியஸ் என்பார் 1993-இல் 'பெனெட்' என்னும் அஞ்சல் பணியைத் தொடங்கினார். அனுப்புவோரின் முகவரியை நீக்கி, ஓர் எண்ணை இட்டு, மடலை உரியவரிடம் சேர்ப்பது அதன் வேலை. வன்கொடுமைக்கு ஆளாகி வெளியே சொல்ல அஞ்சியோரும் அதன் வழியே வாய்திறந்தனர். ஆனால் மறுமொழிகளைத் திருப்பி அனுப்புவதற்காக, எந்த எண் எவருடையது என்னும் பட்டியலை அவர் வைத்திருந்தார். வினை அங்கேதான் ஒளிந்திருந்தது. 1995-இல் சயின்டாலஜி அமைப்பின் புகாரின்பேரில் காவல்துறையினர் அவரிடமிருந்து ஒருவரது முகவரியைப் பெற்றனர். மீண்டும் நெருக்குதல் வரவே, 1996 ஆகஸ்டில் பணியை மூடுவதாக அறிவித்தார். அவர் நேர்மையாளர், அமானிதத்தைக் காக்கவே மூடினார். ஆயினும், இருக்கும் பட்டியலைத்தானே எவரும் கேட்பர்? இல்லாத பட்டியலை யார் கேட்க இயலும்?

அனுப்புவோரை அறியாமல் குப்பையை எங்ஙனம் தடுப்பது என்பீர்கள். வழிகள் உண்டு. தமக்கு அனுப்பவேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அம்முகவரிக்கு எதையும் சேர்க்காதிருக்கலாம். ஆடம் பேக் என்பார் 1997-இல் 'ஹாஷ்கேஷ்' என்னும் முறையை முன்வைத்தார்: ஒவ்வொரு மடலுக்கும் அனுப்பும் கணினி சிறிது நேரம் கணக்கொன்று போட்டுத் தீரவேண்டும். ஒரு மடல் அனுப்புவோர்க்கு அது பாரமன்று. பத்து இலட்சம் அனுப்புவோர்க்கு மலை. பிறர் கணினிகளைக் களவாய்க் கைப்பற்றுவோரிடம் இது செல்லாது என்பது மெய்யே. அதற்கும் மாற்று இருக்கிறது. மடலின் சொற்களைக் கொண்டு குப்பையை இனங்காணும் முறையைப் பால் கிரஹாம் 2002-இல் விளக்கினார். அந்தச் சல்லடையைப் பெறுபவர் தம் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். இடையில் நிற்பவர் எதையும் படிக்கவேண்டியதில்லை.

கோடி மடல்களை ஒருங்கே பார்க்கும் நிறுவனம் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் திறந்த கை அவ்வளவில் நிற்குமா? 2004-இல் வந்த ஜிமெயில், விளம்பரத்திற்காகவும் மடல்களை இயந்திரத்தால் ஆராய்ந்தது; கைவிடுவதாகச் சொன்னது 2017-இல்தான். தப்பிவரும் நான்கு குப்பை மடல்களை நம் கையாலேயே எறிந்துவிடலாமே! அதற்காக வீட்டுக் கடிதமெல்லாம் அயலார் கண்ணில் படவேண்டுமா?