‘ஐ’ எழுத்தின் மேல் ஒரு புள்ளி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இப்போது ஒரே ஒப்பாரிதான். “எல்லாம் பணமாகிப் போச்சு. மரபாவது மண்ணாங்கட்டியாவது! ரசிகனுக்கு ஜெயிச்சால் போதும்” என்கிறார்கள். (பந்தைக் காலால் உதைப்பது அபூர்வமாகவும் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது வழக்கமாகவும் உள்ள ஆட்டத்துக்குக் கால்பந்து என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது தனி வழக்கு. அதை இங்கே எடுக்கவில்லை.)

ஒப்பாரிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற பழைய விதியும் அதே ஆண்டு தளர்ந்தது. 2025இல் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்களே ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் தங்கள் வீரர்களுக்குப் பங்கிட்டுத் தரலாம். நூறாண்டு வரலாறு சொல்லிக்கொண்ட மேற்குக் கரையின் பசிபிக்-12 கூட்டமைப்பு, 2024இல் இரண்டே அணிகளோடு நின்றது. மற்றவை தொலைக்காட்சிப் பணம் எங்கே அதிகமோ அங்கே போய்விட்டன.

அத்தனையும் உண்மை. ஆனால் இதிலிருந்து ‘ரசிகனுக்கு மரபு வேண்டாம்’ என்ற முடிவுக்கு எப்படி வந்தார்கள்? பூர்வீக வீட்டை அண்ணன் விற்றுவிட்டான் என்பதற்காக, தம்பிக்கு அந்த வீட்டின் மேல் பாசமே இல்லை என்று சொல்வதா?

அவர்களுடைய முதல் வாதம் வீரர்களைப் பற்றியது. வருஷத்துக்கு ஒரு சட்டை மாற்றுகிறவனிடம் ரசிகனுக்கு என்ன ஒட்டுதல் இருக்கும் என்கிறார்கள். இந்த ஆட்டத்தில் வீரன் என்றைக்குமே நாலைந்து வருஷத்து விருந்தாளிதான். படிப்பு முடிந்தால் போய்விடுவான். ரசிகன் பிடித்துக்கொண்டிருப்பது சட்டையை, அதற்குள் இருக்கும் ஆளை அல்ல.

நம்பாதவர்கள் கொலம்பஸ் நகரில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேண்டு வாத்தியக் குழுவைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ இருநூறு பேர் வாசித்துக்கொண்டே நடந்து, மைதானத்தின் நடுவில் ‘ஒஹையோ’ என்று ஆங்கிலத்தில் கூட்டெழுத்தாக எழுதுவார்கள். எழுத்து முடிந்ததும் ‘ஐ’க்கு மேல் ஒரு புள்ளி பாக்கி இருக்கும். உடம்பைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேல் ராட்சசப் பூவாக விரியும் சூசபோன் என்ற ஊதுகுழலைச் சுமந்தபடி, குழுத் தலைவனின் பின்னால் ஒரு மாணவரோ மாணவியோ விறைப்பாக நடந்து வருவார். சரியான இடம் வந்ததும் நின்று, தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளைய ஒரு பக்கம் வணங்குவார். திரும்பி மறுபக்கமும் வணங்குவார். ஒரு லட்சம் பேர் கூரை இல்லாத அந்த மைதானத்தில் கூரை பிய்யக் கத்துவார்கள். இந்தக் கூட்டெழுத்து 1936இலிருந்து எழுதப்படுகிறது. அந்தப் புள்ளியாக நிற்கும் முறை பொதுவாகக் குழுவில் நாலைந்து வருஷம் ஊதித் தேய்ந்த மூத்தவர்களுக்குத்தான் வரும். அதுவரை மற்றவர்கள் காத்துக் கிடக்கிறார்கள். பணத்துக்காக ஓடும் காலம் என்கிறோம். இவர்கள் புள்ளிக்காகக் காத்திருக்கிறார்கள்.

‘பழைய மோதல்களைக் கலைத்தார்கள், யாரும் அழவில்லை’ என்பது அடுத்த வாதம். டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் முதலில் மோதியது 1894இல். ஏ அண்ட் எம் வேறு கூட்டமைப்புக்குப் போனதால் 2011 ஆட்டத்தோடு அது நின்றது. யாரும் அழவில்லையா? அந்த ஆட்டத்தைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்க மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர்கள் உண்டு. ஏ அண்ட் எம் ரசிகர்களின் போர்ப்பாட்டு டெக்சாஸ் அணியைச் சீண்டுவதற்கென்றே உள்ளது. எதிரணியின் சின்னமான காளையின் கொம்பை அறுப்பது போல, தோளில் தோள் கோத்து வரிசை வரிசையாக இடமும் வலமுமாக ஆடுவார்கள். அறுப்பதற்கு எதிரே காளையே வராத அத்தனை வருஷமும், வேறு யாரோடு ஆடினாலும், விடாமல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். 2024 நவம்பர் 30 அன்று காளை திரும்பி வந்தது. கைல் ஃபீல்டு மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். 17–7 என்று டெக்சாஸ் ஜெயித்தது. ஏ அண்ட் எம் ரசிகர்களுக்கு அது வேறு வயிற்றெரிச்சல்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஓக்லஹோமா–ஓக்லஹோமா ஸ்டேட் மோதல், நூறாண்டுக்கு மேல் ஆண்டு தவறாமல் நடந்தது, 2023 நவம்பரோடு நின்றுபோனது. ஓக்லஹோமா ஸ்டேட் 27–24 என்று ஜெயித்தது. ரசிகர்கள் வேலி தாண்டி மைதானம் முழுக்க இறங்கினார்கள். அவர்களால் ஆட்டத்தைக் காப்பாற்ற முடியவில்லை. முடியவில்லை என்பது வேறு, வேண்டாம் என்பது வேறு.

கோப்பைதான் எல்லாம் என்கிறவர்கள், 2024இலிருந்து 12 அணிகள் மோதும் இறுதிச் சுற்று வந்துவிட்டது, ஒரு பழைய பகையில் தோற்றால் என்ன நஷ்டம் என்று கேட்கிறார்கள். அந்த ஆண்டே பதில் கிடைத்தது. நவம்பர் கடைசியில் ஒஹையோ ஸ்டேட், தன் சொந்த ஊரில், அந்தப் பருவத்தில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த பழைய பகையாளி மிச்சிகனிடம் 13–10 என்று தோற்றது. மிச்சிகனிடம் தொடர்ந்து நாலாவது தோல்வி. பயிற்சியாளர் ரயன் டேயை வீட்டுக்கு அனுப்பு என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதே டே 2025 ஜனவரியில் நோட்ர டேமை 34–23 என்று வென்று தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார். கணக்குப்படி அத்தோடு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. கோப்பை சரி, மிச்சிகனை எப்போது அடிப்பாய் என்றே கேட்டார்கள். 2025 நவம்பரில் 27–9 என்று அடித்த பிறகுதான் டே மூச்சு விட்டார்.

எல்லா மரபையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மிசிசிப்பி பல்கலைக்கழக ஆட்டங்களில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கொடி ஒருகாலத்தில் பறந்தது. அது ஒழிந்ததில் எந்த நஷ்டமும் இல்லை.

இளசுகளுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை என்பது கடைசிப் புகார். விஸ்கான்சினில் மூன்றாவது கால்பகுதி முடிந்ததும் ஒரு ராப் பாட்டு ஒலிக்கும். மாணவர் பகுதி மொத்தமும் துள்ளும். 1998இல் தொடங்கியது. 2003இல் கட்டடப் பாதுகாப்பைக் காரணம் காட்டி நிர்வாகம் பாட்டை நிறுத்தியபோது மாணவர்கள் சண்டை போட்டுத் திரும்ப வாங்கினார்கள். ஐந்தே வயதான மரபுக்கு அந்தப் பாடு!

அயோவாவின் மரபு இன்னும் இளையது. கின்னிக் மைதானத்தை ஒட்டி ஒரு குழந்தைகள் மருத்துவமனை உயர்ந்து நிற்கிறது. மேல்மாடிக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நோயாளிக் குழந்தைகள் ஆட்டம் பார்ப்பார்கள். முதல் கால்பகுதி முடிந்ததும் ஏறத்தாழ 70,000 பேரும் மைதானத்துக்கு முதுகு காட்டியோ கழுத்தைத் திருப்பியோ அந்த மாடியைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். வீரர்களும் நடுவர்களும் அசைக்கிறார்கள். வெளியூர் அணியும் அசைக்கிறது. 2017இல் வந்த வழக்கம். உத்தரவு போட்டு வந்ததல்ல, ரசிகை ஒருவர் முகநூலில் எழுதிய யோசனை.