தில்லைக்கு வழியும் காளையின் விலையும்

விடை எட்டு வகைப்படும் என்பது நன்னூல். சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. பள்ளியில் நெட்டுருப் போட்டுத் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோன இப்பட்டியல், பல்லாண்டுகளுக்குப் பின்னர் நமக்கு நினைவுக்கு வந்தது நாடாளுமன்றத்தின் இணையப் பக்கங்களைப் படித்தபோதுதான். உறுப்பினர்கள் எழுப்பும் வினாக்களும் அமைச்சர்கள் தரும் எழுத்து விடைகளும் அங்கே எவரும் படிக்கும்படி வைக்கப்பட்டுள்ளன. பாதுகாப்பு, விளையாட்டு, எரிசக்தி ஆகிய மூன்று துறைகளின் விடைகளைத் தொடர்ந்து படித்து வருகிறோம். பவணந்தி முனிவர் இவற்றை முன்கூட்டியே படித்துவிட்டாரோ என்று ஐயுறும்படி இருக்கிறது.

வினாக்களின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் பட்டியலில் இடம்பெறும். அவற்றுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடை தருவார். அதன்மேல் துணை வினாக்களும் எழுப்பலாம். குறியிடாத வினாக்கள் 230 வரை வரும். அவற்றுக்கு எழுத்து விடை மட்டுமே. ஒரு மணி நேரத்தில் அந்த இருபதில் ஐந்தாறு முடிந்தாலே பெரிது. எனவே பெரும்பாலான வினாக்கள் எழுத்திலேயே பிறந்து எழுத்திலேயே அடங்கிவிடுகின்றன. அவற்றின் நடையும் ஏறத்தாழ ஒன்றே. (அ) இதனை அரசு அறியுமா. (ஆ) ஆமெனில் அதன் விவரங்கள். (இ) இல்லையெனில் அதற்கான காரணங்கள். (ஈ) அரசு எடுத்துள்ள நடவடிக்கைகள். வந்து சேரும் விடை "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒரே தலைப்பின்கீழ் தொடங்கும். நான்கு கதவுகளைத் தட்டியவனுக்கு ஐந்தாவதாக ஒரு சன்னலைத் திறந்து காட்டுவதுபோல. எந்தக் கூறுக்கு விடை வந்தது, எந்தக் கூறு விடுபட்டது என்பதைப் படிப்பவர்தாம் விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்புத் துறையின் விடை பெரும்பாலும் மறை. நாட்டின் பாதுகாப்பு கருதி விவரங்களை வெளியிட இயலாது என்பது அதன் வாய்பாடு. நன்னூலில் மறை என்பது மறுத்தல். இன்றைய வழக்கில் மறைத்தல் என்று நாம் கொள்ளும் பொருள் அதற்கில்லை. 'செய்வாயா?' என்றவனிடம் 'செய்யேன்' என்று நேருக்கு நேர் சொல்வது அது. அந்த அளவில், மூன்று துறைகளுள் பாதுகாப்புத் துறையின் விடையே நேர்மையானது என்று நாம் கருதுகிறோம். நண்பர்கள் சிலர் இதனை ஒப்பமாட்டார்கள், இருக்கட்டும். சொல்லமாட்டேன் என்பவரிடம் ஏன் என்று கேட்கலாம். சொல்லிவிட்டதுபோல் காட்டிக்கொள்பவரிடம் அதுவும் கேட்க முடியாது.

ஆனால் மறுப்புக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். 36 ரபேல் போர் விமானங்களுக்கான உடன்படிக்கை 2016 செப்டம்பரில் கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் மக்களவையில் கேட்கப்பட்ட வினாவுக்குத் தந்த எழுத்து விடையில், ஒரு விமானத்தின் விலை ஏறத்தாழ 670 கோடி ரூபாய் என்று இணை அமைச்சர் சுபாஷ் பாம்ரே தெரிவித்தார். 2018 பிப்ரவரியில் மாநிலங்களவையில் விலை கேட்கப்பட்டபோது, பிரான்சு நாட்டுடன் செய்துகொண்ட இரகசியக் காப்பு ஏற்பாட்டைக் காட்டி, அதனை வெளியிட இயலாது என்றார் பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன். அந்த மறுப்புக்கு வலுவான காரணம் இருந்திருக்கலாம். 670 கோடி என்பது ஆயுதங்களும் கூடுதல் கருவிகளும் சேராத விலை என்ற விளக்கமும் தரப்பட்டது. ஆயினும் பதினைந்து மாதங்களுக்கு முன்பு அவைக் குறிப்பில் ஏறிவிட்ட ஓர் எண், பின்னர் இரகசியம் ஆனது எங்ஙனம் என்பதே இயல்பாக எழும் துணை வினா. எழுத்து விடையின் குறை இதுதான். அதனிடம் துணை வினா கேட்க முடியாது.

விளையாட்டுத் துறைக்கு வருவோம். அத்துறையின் விடைகளுள் பெரும்பாலானவை ஒரே தொடரில் தொடங்குகின்றன: விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள், அதனை வளர்க்கும் பொறுப்பு முதன்மையாக மாநில அரசுகளையே சாரும், நடுவண் அரசு அவற்றின் முயற்சிக்குத் துணை நிற்கிறது. இது ஏவல் விடை. 'நீ செய்வாயா?' என்று கேட்டால் 'நீயே செய்' என்பது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 33ஆம் பதிவில் விளையாட்டு இருப்பது உண்மையே. நாடகம், திரைப்படம், கேளிக்கை ஆகியவற்றோடு ஒரே வரியில் அதனை அமர்த்தியிருக்கிறார்கள். அமர்த்தியவர்கள் என்ன எண்ணினார்களோ. ஆனால் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித் தனித் துறை அமைத்ததும் நடுவண் அரசே. 2025இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை இயற்றியதும் நடுவண் அரசே. கூட்டமைப்புகளை ஆளும்போது தேசியப் பொருள், ஒரு மாவட்டத்தில் ஓடுதளம் கேட்கும்போது மாநிலப் பொருள் என்றால், அந்த 33ஆம் பதிவு ஒரு கதவைப்போல் வேண்டியபோது திறந்து வேண்டாதபோது சாத்தப்படுகிறது என்றே கொள்ளவேண்டும்.

இங்கே கேட்பவர் திறமும் பேசப்பட வேண்டும். 'விளையாட்டை ஊக்குவிக்க அரசு எடுத்த நடவடிக்கைகள் யாவை?' என்று கேட்டால் திட்டங்களின் பெயர்களே விடையாக வரும். 'கேலோ இந்தியா திட்டத்தில் மாநிலவாரியாக ஒதுக்கிய தொகை எவ்வளவு?' என்று கேட்டால் அட்டவணை வந்தே தீரும். 2022இல் அவ்வாறு அட்டவணை வந்தபோது, குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே இருந்த பெரும் இடைவெளி இங்கே பேசுபொருள் ஆயிற்று. வினாவிலும் வழு உண்டு என்பது நம் இலக்கணிகள் அறிந்ததே. பால் கறந்துகொண்டிருக்கும் எருமையைக் காட்டி, இது பால் தருவதோ சினையோ என்று வினவுவதை அவர்கள் வழு என்பர். உறுப்பினர்களின் வினாக்களில் பாதி இந்த எருமையைச் சுற்றியே நிற்கின்றன.

எரிசக்தித் துறையில்தான் இலக்கணம் சுவைபெறுகிறது. 'ஆடுவாயா?' என்று கேட்டால் 'பாடுவேன்' என்பது இனமொழி. ஆடமாட்டேன் என்பது அதிலிருந்து பெறப்படும். நாட்டின் மக்கள் குடியிருக்கும் ஊர்கள் அனைத்தும் மின்வசதி பெற்றுவிட்டன என்று 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. மணிப்பூரின் லெய்சாங் கடைசி ஊர். மின்வசதி பெற்ற ஊர் என்பதற்கு 2004 முதல் இருந்துவரும் வரையறை என்ன? மின்மாற்றியும் கம்பியும் ஊருக்கு வந்திருக்க வேண்டும். பள்ளி, ஊராட்சி அலுவலகம், நலவாழ்வு நிலையம் முதலிய பொதுவிடங்களில் மின்சாரம் இருக்க வேண்டும். வீடுகளுள் குறைந்தது 10 விழுக்காட்டில் விளக்கு எரிய வேண்டும். நூறு வீட்டில் பத்து. வீடுகளைப் பற்றிக் கேட்டவர்க்கு ஊர்களைப் பற்றிச் சொல்வது பாடுவேன் என்னும் விடைதான். இதனை அரசே உணர்ந்திருந்தது என்பதற்கு, 2017 செப்டம்பரில் வீடுகளுக்கென்றே சௌபாக்கியா திட்டம் தனியே தொடங்கப்பட்டது சான்று. ஆடவில்லை என்பதை அத்திட்டத்தின் பெயரிலிருந்தே நாம் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சவ்வாது மலையில், காவலூரில் இருந்துகொண்டு பார்ப்பவர்க்கு இவ்வரையறையின் பொருள் விளங்கும். மலையில் ஓர் ஊர் என்பது ஒரே தெருவில் அடங்குவதன்று. ஓடைக்கு அப்பால் சில வீடுகள், மேட்டுக்கு மேலே சில வீடுகள் எனச் சிதறிக் கிடப்பது. பள்ளிக்கூடம் இருக்கும் இடத்துக்குக் கம்பி வந்தால் ஏட்டில் ஊர் ஒளிபெற்றுவிடும்.

உறுவது கூறலுக்கும் எரிசக்தியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கூடங்குளத்தின் முதல் உலை எப்போது மின்சாரம் தரும் என்று கேட்ட போதெல்லாம், 'இன்னும் பதினைந்து நாளில்' என்று செய்தியாளர்களிடம் சொல்லி வந்தார் அன்றைய பிரதமர் அலுவலக இணை அமைச்சர் வி. நாராயணசாமி. தமிழ்நாட்டில் அது பழமொழி அளவுக்கு வழங்கிற்று. உலை மின்தொகுப்போடு இணைந்தது 2013 அக்டோபரில். வணிக உற்பத்தி 2014 இறுதியில். கேலிக்கு உள்ளானாலும், நாள் குறித்துச் சொன்ன விடை அது. தவறியதை எவரும் எண்ணிக் காட்ட முடிந்தது.

எட்டில் எதிலும் அடங்காத ஒன்றும் அவையில் உண்டு. 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்.' இது உறுதிமொழியாகக் கொள்ளப்படும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. கண்காணிக்க 1953 முதல் மக்களவையில் ஒரு குழுவும் உள்ளது. ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் உறுதிமொழிகளை அக்குழுவே தன் அறிக்கைகளில் பட்டியலிடுகிறது. கேட்ட உறுப்பினர் தேர்தலில் தோற்று வீடு திரும்பிய பின்னர் விடை வந்து சேர்வதும் உண்டு.

நன்னூலார் எட்டில் முதல் மூன்றை நேர் விடைகளாகவும், பின்னைய ஐந்தை விடைப்பொருளைத் தருவனவாகவும் கொண்டார். சுற்றிச் சொன்னாலும் கேட்பவர்க்குப் பொருள் கிட்டிவிடுவதால் அவை விடை ஆயின. பொருள் கிட்டாவிடில் அது வழு. தில்லைக்கு வழி எது என்று கேட்டவனிடம் சிவப்புக் காளையின் விலையைச் சொல்வதை உரைகாரர் அதற்கு எடுத்துக்காட்டினர். அமைச்சர்களின் சுற்று விடையிலிருந்து பொருளைக் கறந்து எடுக்கும் கருவி துணை வினா. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா நிறுவனங்களின் பங்குகளை வாங்கியது பற்றி மக்களவையில் எழுந்த வினாக்கள் பிடிகொடாத விடையோடு ஓய்ந்திருந்தால், பெரோஸ் காந்தியின் உரையும் இல்லை, நீதிபதி சாக்ளாவின் விசாரணையும் இல்லை. மீண்டும் மீண்டும் கேட்டதால்தான் 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது. அத்தகைய கேள்வி நேரம் 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டி நீக்கப்பட்டது. எழுத்து விடை மட்டும் போதும் என்றார்கள். அதுவும் விடைதானே என்று அப்போது வாதிட்டோர் காளையின் விலையை வழியென்று கொண்டவர்கள்.

காவலூரைப் பற்றியே ஒரு வினா நம்மிடம் உண்டு. இங்குள்ள வைணு பாப்பு வானாய்வகம் 1968 முதல் இயங்குகிறது. 1977 மார்ச்சில் யுரேனசு ஒரு விண்மீனை நெருங்கியபோது, கோள் மறைக்கும் முன்பே விண்மீனின் ஒளி சற்றே மங்கியதை இங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி பதிந்தது. புதிய துணைக்கோளோ என்று முதலில் கருதினர். பிற நாட்டுப் பதிவுகளோடு ஒப்பிட, யுரேனசின் வளையம் என்று தெளிந்தது. உற்றது உரைத்தல் என்றால் அதுதான். அந்த நுண்மையான மங்கலைக் காணும் இருள் இன்று குறைந்துகொண்டு வருகிறது. கீழே ஆலங்காயமும் வாணியம்பாடியும் இரவில் வெளுத்துத் தெரிகின்றன. 2015இல் தொடங்கிய தெருவிளக்குத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்இடி விளக்குகள் பொருத்தப்பட்டதாக விடைகள் கூறுகின்றன. அவ்விளக்குகளின் ஒளி கீழ்நோக்கி விழுகிறதா, வானை நோக்கிச் சிதறுகிறதா என்பதை எண்ணிக்கை சொல்லாது. மக்களுக்கு விளக்கு வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. விளக்குக்கு மேல்மூடி போடுவதால் யார் வீடும் இருளப் போவதில்லை.

எரிசக்தி அமைச்சர் தெருவிளக்கு உள்ளாட்சியைச் சார்ந்தது என்பார், அது ஏவல். எனவே வினாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தில்லிக்கும் ஒன்றைக் கோட்டைக்கும் எழுதி வைத்திருக்கிறோம். தில்லிக்கானது இது: '(அ) இதே நிறுவனத்தின் லடாக் ஆய்வகம் அமைந்த ஆன்லேயைச் சுற்றி 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டதுபோல், காவலூருக்கு அறிவிக்கும் கருத்துரு அரசிடம் உள்ளதா, ஆம் அல்லது இல்லை, (ஆ) ஆய்வகத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் பொருத்திய தெருவிளக்குகளுள் மேல்மூடி உள்ளவை எத்தனை, ஊராட்சிவாரியாக.' இரண்டே கூறுகள். பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். எழுப்ப ஓர் உறுப்பினர் வேண்டும். நட்சத்திரக் குறி கிடைத்தால் நல்லது.