பிள்ளைகளைச் சேமித்து வைக்கலாமா?



"இப்போது வேலையும் வீட்டுக்கடனும் இருக்கின்றன. இளமையிலேயே கருக்களை உருவாக்கி உறையவைத்துவிட்டால், பிள்ளைகளைப் பிறகு பெற்றுக்கொள்ளலாம்." இந்த ஆலோசனை விசுவாசக் குடும்பங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. இதை முன்யோசனை என்கிறார்கள். நான் மறுக்கிறேன்.

குழந்தைக்காக ஏங்கிச் சோதனைக்குழாய் முறையை நாடுவோரை நான் குற்றப்படுத்தவில்லை. 1978இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தது முதல் இம்முறை எத்தனையோ பேரின் கண்ணீரைத் துடைத்திருக்கிறது. பிள்ளையில்லாதவளைக் குத்திப் பேசும் சபைக்கு, அவள் பெறும் சிகிச்சையைக் குறைகூறும் தகுதியும் இல்லை. சுமப்போம் என்ற தீர்மானமே இல்லாமல் கருக்களை உருவாக்கிச் சேமிப்பதையே நான் எதிர்க்கிறேன்.

நடப்பதைச் சிந்தித்துப் பாருங்கள். ஊசிமருந்தினால் பல முட்டைகளை முதிரச்செய்து, கருவுற்றவற்றை மைனஸ் 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். எட்டுக் கருக்களைச் சேமித்தவர்கள் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டால் மற்றவை என்னவாகும்? நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பத்து ஆண்டுகள் வரையே சேமிக்க இடமளிக்கிறது. அதன்பின் அவற்றை அழியவிட வேண்டும், அல்லது தம்பதியரின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். உங்களில் ஒருவர் இறந்துபோனால் அவற்றை என்ன செய்வது என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். தொட்டிலுக்கு முன்பே எழுதப்படும் இந்த உயிலைப் படித்துப் பார்த்தீர்களா?

"அது சில செல்கள்தானே?" என்பீர்கள். அப்படியானால் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திக் காப்பது எதற்காக? தேவைப்படும்போது "நாளைய பிள்ளை", தேவை தீர்ந்தபின் "வெறும் செல்" என்று ஒரே கருவுக்கு இரண்டு பெயர் வைப்பது நேர்மையாகாது. உருவாகுமுன்னே தம்மைக் கண்ட கண்களைப் பற்றி 139ஆம் சங்கீதத்தில் பாடினாரே தாவீது, அவர் கருவின் மதிப்பை நம்முடைய தேவையைக் கொண்டு அளக்கவில்லை.

"யோசேப்பு எகிப்தில் சேமிக்கவில்லையா?" என்றும் கேட்பீர்கள். சேமித்தார். ஆனால் அவர் சேமித்தது தானியத்தை, மனிதரை அல்ல. மேலும், வங்கியில் போட்ட பணம் திரும்பக் கிடைக்கும். உறைந்த கருக்கள் எல்லாமே உருக்கும்போது பிழைப்பதில்லை, பிழைத்தவை எல்லாமே கருப்பையில் தங்குவதுமில்லை. எதிர்காலத்தை உறுதிசெய்துவிட்டோம் என்ற எண்ணம், லூக்கா 12இல் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டவனின் எண்ணமே.

மாற்று வழி இல்லாமலில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்போ, வேறு காரணத்தாலோ காத்திருக்க வேண்டியவர்கள், கருவுறாத முட்டைகளை உறையவைப்பது குறித்து மருத்துவரிடம் கேட்கலாம். சிகிச்சை இப்போதே தேவைப்படுவோர், "கருப்பையில் வைக்கப்போகும் அளவுக்கு மட்டும் கருக்களை உருவாக்குங்கள்" என்று சொல்லலாம். வாய்ப்புக் குறையலாம், செலவும் கூடலாம். மனச்சாட்சிக்கு அதுவே விலை. ஏற்கெனவே கருக்களைச் சேமித்துவிட்டவர்களே, அவற்றை மறந்துவிடாதீர்கள். உங்களால் இயன்றவரை அவற்றுக்குக் கருப்பையில் இடங்கொடுங்கள்.

கையொப்பமிடுமுன் கணவனும் மனைவியுமாக முழங்காலிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இவர்கள் அனைவரையும் வரவேற்க நாம் ஆயத்தமா?" ஆம் என்று சொல்ல முடியாவிட்டால், பேனாவைக் கீழே வையுங்கள்.

கர்த்தர் உங்களுக்கு ஞானத்தைத் தருவாராக. ஆமென்.