கூண்டுக்கு முன்னே வந்த கிளிகள்

முதியோர் இல்லங்களில் புதிதாக எதையும் செய்யப் பணம் இல்லை என்பது நிர்வாகிகளின் வழக்கமான பதில். பணமா குறை?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நியூ பெர்லின் என்ற சிற்றூர். அங்கே சேஸ் மெமோரியல் இல்லத்தின் மருத்துவராக இருந்த பில் தாமஸ், தனிமை, சலிப்பு, கையறுநிலை ஆகியவையே முதியவர்களை வாட்டும் நோய்கள் என்றார். 1991-இல் அவர் கேட்டது 2 நாய்கள், 4 பூனைகள், 100 சிறு கிளிகள். கூண்டுகளுக்கு முன்பே கிளிகள் வந்துவிட்டன. அவை ஓர் அறையில் பறந்து திரிய, ஊழியர்கள் கூண்டுகளைப் பொருத்திய கூத்தை முதியவர்கள் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தார்கள்.

நாய்க்குச் சோறு வைப்பதும் எங்கள் வேலையா என்று ஊழியர்களில் சிலர் முறுக்கிக்கொண்டார்கள். அரசு விதியும் இடம் தரவில்லை. யோசனை சொல்வது எளிது. அதைத் தன் பொறுப்பில் ஏற்று, அரசிடம் விதிவிலக்கு வாங்கிய நிர்வாகி ரோஜர் ஹால்பர்ட்டின் துணிச்சல்தான் அரிது. இரண்டே ஆண்டுகளில் அங்கே ஒருவருக்கு எழுதப்பட்ட மருந்துகள், ஒப்பிடப்பட்ட மற்றோர் இல்லத்தில் இருந்ததில் பாதியாகின.

நம் இல்லங்களை ஆய்வுசெய்யும் அதிகாரிகள் சமையலறையையும் கழிப்பறையையும் பார்க்கட்டும். காலையில் எழுந்தால் செய்வதற்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று அங்குள்ள முதியவரிடமும் கேட்க வேண்டும்.