கணக்கைப் பார்க்கக் கட்டணம்

பிரிட்டிஷ் போஸ்ட் ஆபீஸ் விவகாரத்தை ஐ.டி.வி. தொலைக்காட்சி 2024 ஜனவரியில் நான்கு பகுதி நாடகமாக ஒளிபரப்பியதிலிருந்து, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மனிதர்களைப் பற்றியே பேசுகிறார்கள். யார் பொய் சொன்னார்கள், யார் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், ஆலன் பேட்ஸ் என்ற ஒருவர் எப்படி இருபது ஆண்டுகள் விடாப்பிடியாக நின்றார் என்று. கதையை அப்படித்தான் சொல்ல முடியும். ஒப்பந்தப் பத்திரத்துக்கு யாரும் வேடம் கட்ட முடியாது. ஆயினும் இந்த விவகாரத்தின் மையப் பாத்திரம் ஒரு ஒப்பந்தப் பத்திரம்தான் என்பது என் அபிப்பிராயம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் சப்-போஸ்ட்மாஸ்டர் என்பவர் நம்மூரைப் போல அரசு ஊழியர் அல்லர். தெருமுனையில் கடை வைத்திருப்பவர்; கடையின் ஒரு மூலையில், ஒப்பந்த அடிப்படையில், அஞ்சலகக் கவுன்டரையும் நடத்துபவர். இவர்களில் தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்கள் கணிசம். 1999 முதல் இவர்கள் தினசரி வரவுசெலவை 'ஹொரைசன்' என்ற கணினி அமைப்பில் எழுத வேண்டியதாயிற்று. அதை உருவாக்கி நடத்தியது ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமான ஐ.சி.எல். நிறுவனம். கணினி காட்டிய இருப்புக்கும் பெட்டியிலிருந்த பணத்துக்கும் வித்தியாசம் வந்தால், கடைக்காரர் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். முடியாதவர்கள் திருடர்கள். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். அவற்றில் சுமார் 700 வழக்குகளைத் தொடுத்தது போஸ்ட் ஆபீஸே. வாதியும் அதுவே, புலனாய்வாளரும் அதுவே.

இந்த மென்பொருள் பிறந்த விதமே விசித்திரமானது. 1996இல் ஐ.சி.எல்.லின் துணை நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தரப்பட்டபோது அதன் முதன்மை நோக்கம் அஞ்சலகக் கணக்கு அன்று. ஓய்வூதியமும் உதவித்தொகையும் பெறுகிறவர்களுக்குக் காகிதப் புத்தகத்துக்குப் பதில் ஒரு அட்டை கொடுப்பது. முதலீடு தனியாருடையது, வேலை நடக்க நடக்க அரசு பணம் கொடுக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் அரசுகளுக்கு, கட்சி வேறுபாடின்றி, இந்த ஏற்பாட்டின்மேல் அலாதி மோகம் இருந்தது. வேலை இழுத்துக்கொண்டே போய், 1999 மே மாதம் சமூகப் பாதுகாப்புத் துறை விலகிக்கொண்டது. அட்டை போயிற்று. திட்டத்தை அடியோடு கைவிட்டிருக்கலாம். ஜப்பானிய முதலீடு பாதிக்கப்படுமோ என்ற கவலையும் அமைச்சரவையின் யோசனைகளில் இருந்தது. முடிவில், எஞ்சிய பகுதி கணக்கெழுதும் இயந்திரமாகப் போஸ்ட் ஆபீஸின் தலையில் வந்து விழுந்தது. வேறொரு வீட்டுக்கு வெட்டிய கதவை இந்த வீட்டு நிலையில் பொருத்திய கதை. இருபத்தைந்து ஆண்டுகளில் அதற்காக ஃபுஜிட்சுவுக்குப் போன தொகை 240 கோடி பவுண்டுக்கும் மேல்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஒப்பந்தத்தில் ஓர் எண் இருக்கிறது: 720.

ஒரு கிளையில் விசைப்பலகையில் தட்டப்பட்ட ஒவ்வொன்றும் ஃபுஜிட்சுவின் காப்பகத்தில் பதிவாகியிருக்கும். கடைக்காரருக்கு அது கிடைக்காது. அவர் திரையில் சில வாரங்களுக்கு முந்தைய விவரமே தெரியாது. போஸ்ட் ஆபீஸுக்கும் நேரடியாகக் கிடைக்காது. வேண்டுமானால் ஃபுஜிட்சுவிடம் முறைப்படி கோரிக்கை அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு 720 கோரிக்கைகள் ஒப்பந்தத் தொகைக்குள் அடக்கம். அதற்கு மேல் தனிக் கட்டணம். நாட்டில் கிளைகளோ பல்லாயிரம். 720 போதுமா போதாதா என்பது என் கேள்வி இல்லை. ஒரு அரசு நிறுவனம் தன் சொந்தக் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பதற்கு ரேஷன் அட்டை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

அந்த ரேஷனையாவது வாங்கினார்களா? 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பைப் படிக்கிறவர்களுக்கு ஒரே வாசகம் பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும்: இந்த வழக்கில் அந்தத் தரவு பெறப்பட்டதற்கான அறிகுறி ஏதுமில்லை. அடுத்தவர் வழக்கு, அதே வாசகம். அதற்கடுத்தவர், அதே வாசகம். கணக்கில் குறைகிறது என்று ஒருவரைக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் கணக்கையே பார்க்கவில்லை.

அந்த 39 பேரில் ஒருவர் ஜோ ஹாமில்டன். ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமக் கடை. சுமார் 2,000 பவுண்டு குறைகிறது என்று உதவித் தொலைபேசிக்கு அழைத்தார். அவர்கள் சொன்ன பொத்தான்களை அழுத்தினார். கண்ணெதிரே குறை இரட்டிப்பானது. இன்னொருவர் சீமா மிஸ்ரா. 74,000 பவுண்டு திருடியதாக 2010 நவம்பரில் பதினைந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றபோது அவர் கர்ப்பிணி. அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். பிரிட்லிங்டனைச் சேர்ந்த லீ கேசில்டன் சிறைக்குப் போகவில்லை. ஆனால் சுமார் 26,000 பவுண்டுக்காக அவர்மேல் சிவில் வழக்குத் தொடுத்தார்கள். அதற்குப் போஸ்ட் ஆபீஸ் செலவழித்தது 3,21,000 பவுண்டு. அந்தச் செலவும் அவர் தலையில் விழ, மனிதர் திவாலானார். எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ளாத இந்தக் கணக்கை ஒரு விதத்தில்தான் விளங்கிக்கொள்ள முடிகிறது: காப்பாற்ற வேண்டியிருந்தது 26,000 பவுண்டை அன்று, மென்பொருளின் மானத்தை. நீண்டகாலத்துக்கு ஒன்றையே நம்பிக் கையெழுத்திட்டவனுக்கு அது பிழையானது என்று கேட்கக் காது இருக்காது. சட்டமும் கைகொடுத்தது. கணினிச் சான்றை முன்வைப்பவர் கணினி ஒழுங்காக இயங்கியதை நிரூபிக்க வேண்டும் என்றிருந்த பிரிவு, ஹொரைசன் வந்த அதே 1999இல் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. பழுதை நிரூபிப்பது கடைக்காரரின் பாடாயிற்று. ஆவணம் இருந்ததோ கட்டணக் கதவுக்குப் பின்னால்.

2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர், போஸ்ட் ஆபீஸின் வாதம் பூமி தட்டையானது என்று சாதிப்பதற்கு ஒப்பானது என்று எழுதினார். சரி, அதோடு விட்டொழித்தார்களா? இங்கேதான் நீண்டகால ஒப்பந்தத்தின் சுபாவம் தெரிகிறது. ஐ.பி.எம்.மைக் கொண்டு மாற்றும் முயற்சி ஏற்கெனவே 2016இல் கைவிடப்பட்டிருந்தது. அமேசானின் கணினிகளுக்குக் குடிபெயர்க்கும் முயற்சி 2022இல் 3.1 கோடி பவுண்டோடு நின்றது. எல்லாம் தனியார்மயத்தின் வினை, அரசே செய்திருந்தால் சரியாகியிருக்கும் என்று நண்பர்கள் சிலர் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. செய்து பார்த்தார்களே. தாங்களே கட்டுவதாகத் தொடங்கிய புதிய அமைப்பின் மதிப்பீடு 18 கோடியிலிருந்து 2024இல் 110 கோடி பவுண்டாக வீங்கி, அந்த வழியும் கைவிடப்பட்டது. வழக்குத் தொடுத்து மனிதர்களைச் சிறையில் தள்ளியதும் அரசுக்குச் சொந்தமான நிறுவனம்தான். கால் நூற்றாண்டு சமையலைக் குத்தகைக்கு விட்ட வீட்டில் ஒருநாள் திடீரென்று அடுப்பு மூட்டினால் புகைதான் வரும். தன் கணக்கேட்டைத் தானே வாசிக்கத் தெரிந்த பத்துப் பொறியாளர்களை இத்தனை ஆண்டுகள் சம்பளம் கொடுத்து வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு, கேசில்டன் போன்றவர்களோடு மல்லுக்கட்டிய வழக்கறிஞர் செலவில் ஒரு துளி. ஆனால் அரசுகளின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒப்பந்தத் தொகை 'சேவை'; பொறியாளர் சம்பளம் 'நிர்வாகச் செலவு'. வெட்டப்படுவது எப்போதும் இரண்டாவது.

நிறுவனத்தைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்கிற கோபம் நியாயமானதுதான். ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கருவூலக் குழு 2024இல் கணக்கெடுத்தபோது, 2019 முதல் நிதித்துறை சார்ந்த அமைப்புகள் ஃபுஜிட்சுவோடு வைத்திருந்த ஒப்பந்தங்களின் மதிப்பு 340 கோடி பவுண்டுக்கு மேல் இருந்தது. வரி வசூலிக்கும் துறையும் அதில் அடக்கம். யாரைப் பட்டியலில் சேர்த்து, நாளைக் காலை எந்தக் கணினியைத் திறப்பது?

அந்நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைவர் 2024 ஜனவரியில் நாடாளுமன்றக் குழுமுன் மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டில் பங்கேற்கத் தார்மீகக் கடமை உண்டு என்றார். எவ்வளவு என்று சொல்லவில்லை. 2025 ஜூலையில் வந்த பொது விசாரணையின் முதல் அறிக்கை, குறைந்தது 13 பேர் இதன் காரணமாகத் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்கிறது. அதற்குள் இழப்பீடாகப் பொதுப்பணத்திலிருந்து 100 கோடி பவுண்டுக்கு மேல் போயிருந்தது. அதே 2025இல் ஹொரைசனுக்கான ஒப்பந்தம் 2026 மார்ச் வரை மேலும் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. அதற்கு விலை சுமார் 4 கோடி பவுண்டு.