பழுது பார்ப்பதா? விற்பதா?

இலண்டன் மாநகரில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. அவருடைய அயல்வீட்டிலிருந்த முதியவரான ஆங்கிலேயர் ஒருவர், இவருடைய மகளுக்கு ஐந்து ஆண்டுகளாக ஊதியம் எதுவும் பெறாது கிற்றார் கற்பித்து வந்தாராம். அண்மையில் அவர் காலமானார். தாம் இளமையில் வாசித்த வொக்ஸ் ஏ.சி. 30 என்னும் அம்பிளிபயர் பெட்டியை அப்பெண்ணுக்கென எழுதிவைத்துச் சென்றிருந்தார். பெட்டியிலுள்ள இரண்டு ஒலிபெருக்கிகளுள் ஒன்று பழுதுற்றுக் கரகரக்கின்றது. "பழுது பார்ப்போம்" என்கின்றாள் மகள். "உள்ளபடியே விற்றுவிட்டால் உன் மேற்படிப்புக்கு உதவுமே" என்கின்றார் தந்தை. "ஐயா, தாங்களே தீர்ப்புக் கூறவேண்டும்" என்று கடிதம் முடிகின்றது.

வழக்கைத் தீர்க்குமுன் வழக்குக்குரிய பொருளை அறிதல் முறையன்றோ? கெந்து மாகாணத்து டாட்போட் நகரில் இயங்கிய ஜெனிங்ஸ் நிறுவனம் 1959 ஆம் ஆண்டில் வெளியிட்டது இந்த ஏ.சி. 30. 'ஷடோஸ்' குழுவினரும், பின்னர் 'பீற்றில்ஸ்' குழுவினரும் அதனைக் கையாண்டமையால் அதன் புகழ் உலகெங்கும் பரவியது. அதனுள் அமைந்த 12 அங்குல ஒலிபெருக்கிகளைச் செய்தவர்கள் செலஸ்ரியன் நிறுவனத்தார். நீல நிறம் பூசப்பெற்ற அவற்றின் காந்தம், இரும்புடன் அலுமினியம், நிக்கல், கோபால்ற்று ஆகியவை சேர்ந்த 'அல்னிக்கோ' என்னும் கலப்புலோகத்தாலானது. பழம்பொருள் சேர்ப்போர் இன்று அவற்றைத் தேடித் திரிகின்றனர்.

அத்துணைச் சிறந்த பொருள் பழுதுறுவானேன்? காரணம் எளிய கணக்கிலே உள்ளது. ஒவ்வோர் ஒலிபெருக்கியும் 15 உவாற்று வலுவையே தாங்கும். இரண்டும் சேர்ந்து 30. அம்பிளிபயர் தருவதும் 30. மிச்சமாக எதுவும் இல்லை. ஒலியை முழுதும் உயர்த்தி வாசித்தால் வலு அவ்வெல்லையையும் கடந்துவிடும். அப்போது காந்த இடைவெளியிலே அசையும் மெல்லிய கம்பிச்சுருள் சூடேறி உருக்குலையும். அறுபது ஆண்டுகளில் கடதாசிக் கூம்பும் உலர்ந்து நொறுங்கும் தன்மையை அடைந்துவிடுகின்றது.

ஆகவே, முதலிலே நோயை அறிதல் வேண்டும். மருந்தும் விலையும் பின்னரே. மின்னிணைப்பை நீக்கி ஒலிபெருக்கியைக் கழற்றி, மல்ரிமீற்றரால் அளந்து பார்க்கலாம். 8 ஓம் எனக் குறிக்கப்பட்டது ஏறக்குறைய 6 அல்லது 7 ஓம் காட்டினால் சுருள் அறுபடவில்லை என்பது பொருள். பின்னர் இரு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக மெல்ல அழுத்துக. உரசும் ஓசை கேட்பின் சுருள் இடம் பிசகியிருக்கின்றது. ஓசையின்றி அசைந்தால் நோய் கூம்பின் கிழிசலோடு நின்றுவிட்டது எனலாம். இதனை வாசிக்கும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வால்வு அம்பிளிபயரின் உட்புறத்தில் கை வைத்தல் ஆகாது. மின்னை நிறுத்திய பின்னரும் ஒடுக்கிகளில் உயிர் குடிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஒலிபெருக்கியை இணைக்காமல் அதனை இயக்குதலும் தவறு. வெளியீட்டு நிலைமாற்றி கெட்டுவிடும்.

கிழிசல் சிறிதாயின் மெல்லிய கடதாசித் துண்டும், உலர்ந்தபின் வளைந்து கொடுக்கும் பசையும் போதும். சுருள் கெட்டிருப்பின் கூம்பையும் சுருளையும் அகற்றிப் புதியன பொருத்தவேண்டும். சட்டகமும் காந்தமும் மாத்திரம் பழையனவாக எஞ்சும். எமது மிருதங்கத்தில் தோல் கிழிந்தால் மாற்றுகின்றோம். பலாக்கட்டை அதுவே ஆதலின் மிருதங்கமும் அதுவே என்கின்றோம். பழம்பொருள் சேர்ப்போர் இதனை ஒப்பார். கூம்பு மாறினால் குரலும் மாறும், மதிப்பும் குறையும் என்பது அவர் கட்சி. அதிலும் உண்மை இல்லாமலில்லை.

கிழிசல் என்றவுடன் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. 1964 ஆம் ஆண்டில் 'கிங்ஸ்' குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்னும் இளைஞர், தமது சிறிய அம்பிளிபயரின் கூம்பைச் சவர அலகினால் தாமே கீறினார். அதிலிருந்து எழுந்த முரட்டு ஒலியே அவர்களுடைய புகழ்பெற்ற பாடல் ஒன்றின் உயிராயிற்று. பழுது என்று நாம் ஒதுக்குவதனைப் பயனாகக் கண்டவரும் உளர். எனினும், நம் மாணவரின் மகள் அலகை எடுக்கவேண்டுமென்று நாம் கூறவரவில்லை!

எமது முடிவை இவ்வாறு எழுதினோம். விற்றபின் பொருளை மீட்டல் அரிது. புதிய கூம்பு பொருத்தியபின் பழைய கூம்பு திரும்பி வாராது. மீளமுடியாத செயலை அவசரத்தில் செய்யவேண்டா. கிழிசல் மாத்திரமாயின் ஒட்டுக. சுருள் கெட்டிருப்பின் பழையதைத் துணியிற் சுற்றிப் பத்திரப்படுத்தி, அதே ஓம் அளவுடைய புதியதொன்றை அதனிடத்தில் பொருத்துக. அந்த நீல வகையைச் செலஸ்ரியன் நிறுவனத்தார் இன்றும் செய்கின்றனர். ஓராண்டு அவள் வாசிக்கட்டும். பின்னர் படிப்புக்குப் பணம் வேண்டுமாயின், பழையதை உரிய இடத்திற் சேர்த்து, பழுதை மறைக்காது கூறி விற்கலாம். பிள்ளையின் கல்விக்காகப் பொருளை விற்பது இழிவன்று. ஆயினும் அது அவளுக்கு வந்த கொடை. விற்கும் நாளை அவளே குறிக்கட்டும்.

பத்து நாட்களில் மறுமொழி கிடைத்தது. மீற்றர் காட்டியது 6.8 ஓம். உரசல் இல்லை; இரு விரற்கடை நீளக் கிழிசல் ஒன்றே குறை. தந்தை விளக்கைப் பிடித்து நிற்க, மகள் தன் கையாலேயே ஒட்டினாளாம். மறுநாள் மாலை, முதியவர் முதன்முதலிற் கற்பித்த பாடத்தை அதிலே வாசித்தாளாம். விற்பனைப் பேச்சு அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. "இப்பொழுது மறுபுறத்து வீட்டார் இரைச்சல் தாங்கவில்லை என்று முறையிடுகின்றனர், அதற்கும் தாங்களே வழி கூறவேண்டும்" என்று எழுதியுள்ளார் மாணவர். அவ்வழக்கை ஏற்க நாம் மறுத்துவிட்டோம்.